டாலிக்குக் கீழே ஒரு வரி

ஜூலை நான்கை முடித்ததும் மாரிசெல்வி விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் அடுத்த தாள் வந்து நின்றது. நடுவில் பெரிதாக ஐந்து. மேலே ஜூலை 2008, பக்கத்தில் சனிக்கிழமை. நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் பக்கத்து மேசை சுமைரா ஏற்கெனவே அடித்து வைத்திருந்தாள். அடியில் இரண்டு வரிக்கான இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அங்கே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் மெஷின் ஓடும் அதிர்வு நாற்காலிக் கால் வழியாக ஏறி அவள் உள்ளங்காலில் தெரிந்தது. வெளியே மாசி வெயில். 2007 பிறந்த சூடே இன்னும் ஆறவில்லை.

சிவகாசியில் வருடங்கள் முன்கூட்டியே வந்துவிடும். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்களைச் சாமி முன்னால் வைத்துப் பூசை போட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். அதற்குள் தாள்கள் அச்சாகியிருக்க வேண்டும் என்பதால், மற்ற ஊர்க்காரர்கள் பொங்கல் கரும்பைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே அதற்கடுத்த பொங்கலையும் தீபாவளியையும் எழுதத் தொடங்கியிருப்பார்கள். அந்த அச்சகத்தில் தினசரித் தாளின் அடியில் வரும் ‘இந்த நாளில்’ பகுதி மாரிசெல்வியின் பொறுப்பு. வரலாறு படித்த பட்டதாரி என்பதற்காகக் கொடுத்த வேலை. பொது அறிவுப் புத்தகங்கள், பழைய இயர் புக், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டர் என்று எங்கெங்கோ தேடி, ஒவ்வொரு நாளுக்கும் உலகத்தில் என்ன நடந்தது என்று எடுத்துப் போடுவாள். முதல் விமானம் பறந்த நாள். எக்ஸ் கதிர் கண்டுபிடித்த நாள். எவரெஸ்ட்டில் கால் வைத்த நாள்.

ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. முதலாளி கனகசபாபதி அவளை வேலைக்குச் சேர்த்த அன்றே சொல்லிவிட்டார். “காலண்டரு சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்குற பொருளும்மா. காலையில எந்திரிச்சு மனுசன் மொதமொத அதுலதான் முளிக்கிறான். சாவு, சண்டை, தீ, விபத்து ஒண்ணும் இருக்கக் கூடாது. பொறந்தது மட்டும் போடு. கண்டுபிடிச்சது போடு. செத்தது வேண்டாம்.” ஜனவரி முப்பதுக்குக்கூடத் தியாகிகள் தினம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் ஆறில் ஹிரோஷிமா கிடையாது. பென்சிலினைக் கண்டுபிடித்தவர் பிறந்த நாள் உண்டு. இப்போது முடித்த ஜூலை நான்கு விவேகானந்தர் மறைந்த நாள். அதை விட்டுவிட்டு, அமெரிக்கா சுதந்திரம் அறிவித்ததைப் போட்டிருந்தாள். இத்தனை வருடங்களில் அவள் கைவழியாகப் போன உலகத்தில் எல்லோரும் பிறந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர்கூடச் செத்ததில்லை.

அவள் முனியராஜைச் சந்தித்ததே இந்த இரண்டு வரிகளால்தான். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தாயில்பட்டிப் பக்கம் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து லேபிள் லோடு எடுக்க வந்தவன், பண்டல் கட்டி முடிக்கும்வரை மாடி வராந்தாவில் நின்று சுவரில் தொங்கிய காலண்டரைச் சத்தம் போட்டுப் படித்தான். பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ஏங்க, கீழ எளுதுற ஆளு யாரு?” என்று கேட்டான்.

“நாந்தான். ஏன், தப்பா இருக்கா?”

“இல்ல, இன்னைக்கு இது நடக்கும்னு ஒரு வருசம் முந்தியே ஒக்காந்து எளுதிருதீகளா?”

“நடந்ததத்தான் எளுதுதோம்.”

“அப்ப நடக்கப்போறத?”

“அது ராசிபலன். பக்கத்து டேபிளு.”

சுமைரா தலையை நிமிர்த்தி, “என்ன ராசி அண்ணே நீங்க? மகரமா? ஒங்களுக்கு இன்னைக்கு அலைச்சல்” என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளிப்பொடி ஜன்னல் கம்பியில் பதிந்துவிட்டது. பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி அது. எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். அவன் போன பிறகு அந்தக் கம்பியில் அவள் விரல் வைத்துப் பார்த்ததை சுமைரா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

கல்யாணமாகி ஆனைக்குட்டத்துக்கு வந்த பிறகு அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டாயிற்று. காலையில் முனியராஜ்தான் தேதி கிழிப்பான். கிழித்த கையோடு கீழே இருப்பதைப் பள்ளிக்கூடத்துப் பையன் போல நீட்டி வாசிப்பான். அடுப்படியில் மாமியார் மாரித்தாய், வாசலில் கோலப்பொடியோடு நாத்தனார் பொன்மணி, இட்லித் தட்டோடு மாரிசெல்வி என்று எல்லோரும் கேட்க வேண்டும். அவள் எப்போதோ எழுதி மறந்துபோனதெல்லாம் அவன் குரலில் திரும்பி வரும். “ஒம் பொண்டாட்டி எளுதுனத அவகிட்டயே ஒப்பிக்கிறியேலே” என்பாள் மாரித்தாய். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் வாசித்து முடியும்வரை அடுப்பை ஊத மாட்டாள்.

பொன்மணி எதைக் கேட்டாலும் ஒரு கேள்வி வைத்திருப்பாள். எக்ஸ் கதிர் என்றால், “அதுல பாத்தா வயித்துல இருக்க இட்லி தெரியுமா மைனி?” எவரெஸ்ட் என்றால், “ஏறி என்ன செஞ்சாக? எறங்கத்தான செஞ்சாக?” எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். சிரித்தால் ஊருக்கே கேட்கும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், அந்தப் புதன்கிழமை காலையிலும் முனியராஜ் வாசித்தான். “ஜூலை அஞ்சு. ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தி ஆறு. குளோனிங் முறையில் டாலி என்ற செம்மறியாடு பிறந்தது.”

பொன்மணி தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். “என்னது? ஆட்டுக்குட்டி பொறந்ததையா போட்டிருக்கு?”

“சாதா ஆடு இல்ல புள்ள. அச்சு எடுத்த மாதிரி, ஒரு ஆட்ட வச்சு அதே மாதிரி இன்னொரு ஆடு.”

“என்ன ஆடா இருந்தா என்ன? ஆட்டுக்குப் பொறந்த நாளு இருக்கு, எனக்கு இல்லையே மைனி!”

“ஒனக்குந்தான் இருக்கு, ஜூன் ஒண்ணு” என்றான் முனியராஜ்.

“அது பெரிய சார்வாள் போட்டது. எங்க கிளாசுல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான். ஏம்மா, நான் என்னைக்குத்தான் பொறந்தேன்?”

“அணைக்கு மண்ணு சொமந்த வருசம்” என்றாள் மாரித்தாய் அடுப்படியிலிருந்து. “வெயிலு மண்டையப் பொளந்துச்சு. அம்புட்டுத்தான் தெரியும். தேதியப் பாத்துக்கிட்டா பெத்தேன்?”

பொன்மணி காலண்டருக்கு எதிரே போய் நின்று கையைக் கட்டிக்கொண்டாள். “மைனி, அடுத்து எளுதும்போது எம் பேரையும் போட்டிருங்க. இன்னைக்கே போடுங்க. ஆட்டுக்கூடப் பங்கு போட்டுக்கிடுதேன்.”

“போட்டிருவோம். கேக்கு யாரு வெட்டுதது, நீயா ஆடா?”

“ஆட்டத்தான் வெட்டணும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் பொன்மணி.

அன்றைக்கு அவளும் அண்ணனோடு வேனில் ஏறினாள். சீசன் லோடு ஏறிக்கொண்டிருந்தது. கம்பெனியில் ஆள் போதவில்லை, ஒரு வாரத்துக்கு யாரையாவது கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைகளைப் பதிவில் சேர்க்க முடியாது. அதனால் பெயர் எழுதாமல் உள்ளே விட்டார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் மருந்து அடைக்கும் அறை ஒன்று வெடித்து, பக்கத்து அறைகளும் போயின. அச்சகத்து ஜன்னல் கண்ணாடியில் அது ஒரு சிறு நடுக்கமாக மட்டும் வந்தது. “எங்கனயோ” என்றாள் சுமைரா. இந்த ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அதுதான். பிறகு எல்லோரும் அவரவர் வீட்டாள் எந்தத் திசையில் இருக்கிறார் என்று யோசிப்பார்கள்.

தீயணைப்பு வண்டி வருமுன் முனியராஜே தங்கையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி ஓர் ஆட்டோவில் ஏற்றியிருந்தான். பாதி வழியில் உயிர் போய்விட்டது. கம்பெனியின் ஏஜெண்டு காசிராஜன் பைக்கில் துரத்திக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் அவர்களைப் பிடித்தார். நல்ல மனிதர்தான். அந்த ஊரில் பாதி வீட்டுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். செய்தி கேட்டு வந்து சேர்ந்திருந்த மாரித்தாயிடம் அழுதுகொண்டேதான் பேசினார். “யக்கா, போன உசுரு வராது. பதிவுல இல்லாத பிள்ள, அதுவும் சின்னப் பிள்ள உள்ள இருந்துச்சுன்னு தெரிஞ்சா லைசென்சு அம்புட்டுத்தான். தொறக்கவே விட மாட்டாக. ஊரு பூராம் எங்க போயி சோறு திங்கும்? வீட்டுல ஸ்டவ்வு வெடிச்சிருச்சுன்னு சொல்லிருங்க. எல்லாரையும் நெனச்சுப் பாருங்க.” அச்சகத்திலிருந்து ஓடிவந்த மாரிசெல்வி புருசனைப் பார்த்தாள். அவன் சட்டையெல்லாம் வெள்ளிப்பொடி. அவன் எதையும் பார்க்கவில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர், “பிள்ளைக்கு என்ன வயசு?” என்று கேட்டபோது மாரித்தாய், “அணைக்கு மண்ணு சொமந்த வருசம்” என்றாள். மறுபடி கேட்டதற்கும் அதையே சொன்னாள். பிறகு சொன்ன இடத்தில் பெருவிரலை வைத்தாள்.

மறுநாள் பேப்பரில் ஐந்து பேர் என்று வந்தது. ஆறாவது ஆள் ஆனைக்குட்டத்தில் அடுப்பு வெடித்துச் செத்துப்போயிருந்தாள்.

கம்பெனி கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. பிறகு வேறு பெயரில், வாசலில் வேறு நிறம் அடித்துத் திறந்தார்கள். முனியராஜ் திரும்பவும் அதே வேனில் ஏறினான். வேறு வேலைக்கும் போய்ப் பார்த்தான். சாத்தூரில் ஒரு கடையில் பத்து நாள் இருந்தான். கையிலிருக்கும் பொடி போவதற்குள் திரும்பி வந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் காலண்டர் பக்கம் போகவில்லை. வீட்டில் தங்கை பெயரை அவன் வாய் சொல்லி யாரும் கேட்கவில்லை. “அது”, “அந்தப் பிள்ள” என்றுகூட இல்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் எழுந்து கொல்லைக்குப் போய்க் கை கழுவிக்கொண்டிருப்பான். ராத்திரி அவன் பக்கத்தில் படுத்திருக்கும்போது மாரிசெல்விக்கு, பூட்டிய வீட்டுத் திண்ணையில் ஒதுங்கிக் கிடப்பதுபோல இருக்கும். உள்ளே ஆள் இருப்பது தெரியும். கதவைத் தட்டத்தான் பயம். மாரித்தாய்தான் இப்போது தேதி கிழிக்கிறாள். கிழித்ததைக் கசக்க மாட்டாள். மடித்து, சுக்கோ மஞ்சளோ பொதிய வைத்துக்கொள்வாள்.

வெடித்த ஸ்டவ் பரணில் இருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. வெடித்துப்போனதாகச் சொன்ன அடுப்பில் சமைக்க முடியாது. தெருவில் போகிறவர்கள் அதன் சத்தத்தைக் கேட்பார்கள். தூக்கிப் போடவும் முடியாது, முழுசாக இருக்கிறதே. சாக்கில் சுற்றி மாரித்தாயே ஏற்றிவைத்தாள். அதற்குப் பிறகு விறகடுப்புத்தான்.

நேற்று வரைக்கும் ஜூலை ஐந்துக்கு என்ன போடுவது என்பது மாரிசெல்விக்குப் பெரிய விஷயமாக இல்லை. நியூட்டனின் புத்தகம் வெளிவந்த நாள் ஒன்று இருந்தது. இன்னொன்று ஒரு நீச்சலுடையைப் பற்றியது, அதை முருகன் படத்துக்குக் கீழே போட முடியாது. நியூட்டனைப் போட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் நேற்றுச் சாயங்காலம், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த ராமுத்தாய் புது கேஸ் அடுப்பைக் காட்டக் கூப்பிட்டாள். அரசாங்கம் கொடுத்தது. பற்றவைப்பதற்குமுன் மாரிசெல்வியின் கையைப் பிடித்து அக்கறையோடு சொன்னாள்.

“நீங்களும் அடுப்பு விசயத்துல சாக்கிரதையா இருக்கணும்க்கா. ஒங்க வீட்டுலதான் ஏற்கெனவே ஒரு பிள்ள ஸ்டவ்வு வெடிச்சுப் போச்சாமே. கவனக்குறைவா இருந்திருச்சாம்ல?”

அந்தப் பெண்மேல் தப்பில்லை. வெளியூரிலிருந்து வந்தவள், தெருவில் சொன்னதை நம்பியிருக்கிறாள். சொன்னவர்களும் ஒரு வருடத்துக்குள்ளேயே நம்பத் தொடங்கியிருக்க வேண்டும். ‘கவனக்குறைவு’ என்ற சொல்தான் மாரிசெல்வியை ராத்திரி முழுக்க அரித்தது. பொய் இப்போது தானாக வளர ஆரம்பித்திருந்தது. இன்னும் பத்து வருடத்தில் அடுப்பைச் சரியாகப் பற்றவைக்கத் தெரியாத ஒரு பிள்ளையைத் தவிர வேறு எந்தப் பொன்மணியும் மிஞ்ச மாட்டாள்.

மடியிலிருந்த கைகளை எடுத்து மாரிசெல்வி அடித்தாள். ‘பொன்மணி பிறந்த நாள், ஆனைக்குட்டம்.’ அவ்வளவுதான். வருடம் போடவில்லை. அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் பெயரின் மேலிருந்த புள்ளி பொட்டு வைத்தது மாதிரி இருந்தது.

சுமைரா எட்டிப் பார்த்தாள். படித்தாள். மேசையடியில் இருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மாரிசெல்வி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நான்கு நாள் கழித்து ப்ரூஃப் கட்டோடு கனகசபாபதி கூப்பிட்டனுப்பினார். அவர் சாதாரணமாகப் பார்ப்பது விடுமுறை நாட்களையும் முகூர்த்த நாட்களையும்தான். ஜூலைத் தாள் மேலே கிடந்தது.

“வாம்மா செல்வி. இது யாரு, பொன்மணி? புலவரா? சுதந்திரப் போராட்டமா?”

நாட்டுப்புறப் பாடகி என்று சொல்வதற்குத் தயார் செய்து வைத்திருந்தாள். வாய் வரவில்லை. “எங்க வீட்டுப் பிள்ள அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு தங்கச்சி.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அந்த, ஸ்டவ்வு வெடிச்சு...”

“ஸ்டவ்வு வெடிக்கல அண்ணாச்சி.”

மின்விசிறிக் காற்றில் மேசைமேல் லேபிள் மாதிரிகள் படபடத்தன. அந்தக் கம்பெனியின் புதுப் பெயரும், தோகை விரித்த மயிலும். அவரிடம்தான் அடிக்கிறார்கள். கனகசபாபதி ஒரு பேப்பர் வெயிட்டை எடுத்து அவற்றின்மேல் வைத்தார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சிவகாசியில் முதலாளிகளுக்குத் தெரியாமல் எதுவும் வெடிப்பதில்லை.

“சாவு போடக் கூடாதுன்னு சொல்லிருக்கேன்லம்மா” என்றார் மெதுவாக.

“சாவு போடல அண்ணாச்சி. பொறந்த நாளுதான் போட்டிருக்கேன்.”

அவர் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். அடித்துவிடப் போகிறார் என்று நினைத்தாள். சிவப்புப் பேனா அவர் விரலிடுக்கில்தான் இருந்தது. வாசலில் பார்சல்காரன் வந்து நின்று, இருந்த இருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

“இதே தேதிக்கு முன்னாடி ஒரு ஆடு போட்டிருந்தோம்ல?”

“ஆமா. டாலி.”

“அத மேல போடு. இத ரெண்டாவது வரியாக்கிரு.”

“ஏன் அண்ணாச்சி?”

“தனியா நின்னா நாலு பேரு கண்ணுல படும்மா. யாரு என்னன்னு போன் போட்டுக் கேப்பாக. ஆட்டப் படிச்சவன் அதோட நிறுத்திக்கிடுவான். ரெண்டாவது வரிய எவன் படிக்கான்?” பேனாவை மூடினார். “நான் இதப் பாக்கல. போ.”

படியிறங்கும்போது அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, கோபமும் வரவில்லை. ஆட்டோடு பங்கு என்று பொன்மணி கேட்டாள். அது கிடைத்துவிட்டது. ஆனால் முன்பு ஓர் அடுப்புக்குப் பின்னால் ஒளித்தார்கள், இப்போது ஆட்டுக்குப் பின்னால். வெளிச்சத்தில் நிற்க அவளுக்கு எங்கேயும் இடமில்லை போலிருந்தது.

ஆடியில் பூசை முடிந்தது, கார்த்திகையில் லாரிகள் கிளம்பின. பொன்மணி கோயம்புத்தூர் ஜவுளிக்கடைக்கும் கும்பகோணம் பாத்திரக்கடைக்கும் போனாள். வேலையாட்களுக்குக் கொடுத்த காலண்டரில் ஒன்று ஆனைக்குட்டத்து வீட்டுச் சுவருக்கு வந்தது. தடிமனான கட்டு. எங்கோ உள்ளே அவள் இருந்தாள். மாரிசெல்வி யாரிடமும் சொல்லவில்லை. முனியராஜிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை பக்கத்தில் போனாள். ஒருமுறை அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, “இந்த வருசக் காலண்டர நீங்க ஒரு நாள்கூடப் படிக்கல” என்றாள். “மருந்து வாடையில கண்ணு எரியுது” என்றான் அவன். கண் எரிவது உண்மைதான்.

தினமும் மாரித்தாய் ஒரு தாளைக் கிழித்தாள். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. கட்டு மெலிய மெலிய மாரிசெல்வி மிச்சத் தாள்களை விரலால் தடவி எண்ணினாள். படித்தால் என்ன செய்வான்? ‘செத்த நாளைப் பிறந்த நாளாக்கி விளையாடுகிறாயா’ என்று கத்துவானா? கத்தினால்கூடப் பரவாயில்லை. அவன் படிக்காமலேயே அந்த நாள் மஞ்சள் பொதிகிற தாளாகப் போய்விட்டால்? அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் எழுந்து வந்தபோது தேதி கிழித்தாகிவிட்டது. சுவரில் ஐந்து. மாரித்தாய் ஒன்றும் தெரியாதவள் போல அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ஈர விறகு என்று அவளாகவே சொன்னாள். முனியராஜ் சாப்பிட்டுக் கை கழுவித் தூக்குவாளியை எடுத்தான்.

“ஏங்க, இன்னைக்குத் தேதியப் பாத்தீகளா?”

“தேதி தெரியாமயா இருக்கேன்?” அவன் குரல் தரையில் விழுந்து கிடந்தது.

“கீழ ரெண்டு வரி இருக்கு. படிச்சிட்டுப் போங்க.”

“செல்வி...” என்றான். வேண்டாம் என்று அர்த்தம். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அவன் போய்விட்டான். சுவரைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அவளும் வேலைக்குப் போனாள். அச்சகத்துத் தொலைபேசி அன்று முழுவதும் லேபிள் ஆர்டர்களுக்காக அடித்தது. பொன்மணி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணாச்சி சொன்னது சரிதான். திரையில் அவள் அப்போது 2010ஆம் வருடத்துக்கு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். எழுத்து கண்ணில் ஏறவில்லை. சாயங்காலம் சுமைரா ஒரு பொட்டலம் கேசரியை அவள் பையில் திணித்தாள். “எதுக்குடி?” “எங்க வீட்டுல எதுக்கோ செஞ்சாக. கொண்டுபோங்க” என்று பொய் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் அவன் செருப்பு கிடந்தது. சனிக்கிழமை வேன் சீக்கிரம் விட்டுவிடும். கம்பெனியிலிருந்து வருகிறவன் கொல்லைப் பக்கமாகப் போய்க் கைகால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். பொடியோடு அடுப்படிப் பக்கம் வரக் கூடாது என்பது அந்த வீட்டில் எந்தச் சண்டையிலும் மாறாத ஒழுங்கு. இன்று செருப்பு முன்வாசலில் கிடந்தது.

உள்ளே காலண்டருக்கு எதிரே முனியராஜ் நின்றிருந்தான். சட்டை மாற்றவில்லை. முழங்கைவரை வெள்ளி படிந்து, விளக்கு வெளிச்சத்தில் அவனுடைய கை மட்டும் சாமி சிலையின் கை மாதிரி மின்னியது.

“கையக் களுவாம நடுவீட்டுல வந்து நிக்கான் பாரு” என்று மாரித்தாய் அடுப்படியிலிருந்து வந்தாள். வந்தவள் அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். “என்னலே? என்ன போட்டிருக்கு அதுல?”

மாரிசெல்வி வாசற்படியிலேயே நின்றாள். கேசரிப் பொட்டலம் இருந்த பையை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

முனியராஜ் தொண்டையைச் செருமினான். ஆள்காட்டி விரலை எழுத்துக்கு அடியில் வைத்தான். இரண்டு வருடமாக அந்த வீட்டில் கேட்காத குரலில், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நீட்டி வாசித்தான். “ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தி ஆறு. குளோனிங் முறையில்... டாலி என்ற செம்மறியாடு... பிறந்தது.”

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. அங்கே நின்றுவிட்டது.

மாரித்தாய்க்கு அந்த ஆடு நினைவிருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு ஓர் எட்டு முன்னால் வந்து, படிக்கத் தெரியாத கண்களால் மகனின் விரல் நுனியை உற்றுப் பார்த்தாள்.

“அம்புட்டுதானா?” என்று கேட்டாள். “கீழயும் என்னமோ இருக்கே. வெரல வச்சிருக்கியே.”

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. விரல் மட்டும் முதல் எழுத்திலிருந்து மெல்ல நகர்ந்தது. நகர்ந்த இடமெல்லாம் அந்தப் பெயருக்கு அடியில் ஒரு வெள்ளிக்கோடு விழுந்துகொண்டே போயிற்று.